ஜெனி யாருக்காக முழித்திருந்தாள்

மண்ணூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் போனது சும்மா படுத்துக் கிடக்கத்தான். போர்வெல் லாரியில் ஆந்திரா, சத்தீஸ்கர் என்று சுற்றிவிட்டு, காது மூக்கெல்லாம் கல்தூளாக வந்திருந்தேன். நன்றாகத் தூங்கி எழுந்து அடுத்த வண்டியைப் பிடிப்பதாக எண்ணம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருடம் முழுதாக இருந்தது கிடையாது. ஆகவே இதில் வரும் மருத்துவ விஷயங்களை எனக்கு விளங்கிய அளவில்தான் சொல்ல முடியும். விளங்கிக்கொள்ள நேரம் நிறையக் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் வேலை இல்லாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

போன மறுநாள் வீட்டுக்குள் செத்த எலி நாற்றம் அடித்தது. பீரோவுக்குப் பின்னால், கேஸ் அடுப்புக்குக் கீழே என்று தேடினேன். அக்கா மகள் ஜெனி என் பின்னாலேயே வந்து, நான் குனிந்த இடத்திலெல்லாம் தானும் குனிந்து பார்த்தாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது. பேச்சும் அறிவும் நாலைந்து வயதுப் பிள்ளையின் அளவில் நின்றுவிட்டவள். கரகரத்த ஆண்குரல். ஒரே கேள்வியை ஓயாமல் கேட்பாள். அவள் நகர்ந்தால் நாற்றமும் நகர்வதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே ஓர் ஓட்டை. சுற்றிலும் கறுப்பு, நடுவில் மஞ்சள். அழுத்தினேன், சீழ் வந்தது.

"வலிக்குதாடி?"

"எலி எங்க மாமா?" என்றாள்.

அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோனேன். அங்கே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நேராகச் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். தெருமுனையில் இருக்கும் லேத் பட்டறையிலிருந்து விழுந்த இரும்புச் சுருள் ஒன்று அவள் காலுக்குள் போய் உடைந்திருந்தது. அதோடுதான் அவள் நடந்து, ஓடி, மாதா கோயிலுக்குப் போய் முழங்கால் போட்டு வந்திருக்கிறாள்.

பெரியாஸ்பத்திரியில் இரும்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டது என்றார் அறுவை மருத்துவர். எலும்பில் ரத்த ஓட்டம் குறைவு, மாத்திரை போய்ச் சேராது, நரம்பு வழியாக மருந்து வாரக்கணக்கில் இறங்க வேண்டும் என்று விளக்கினார். பிறகு என் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "மருந்து ஒழுங்கா இறங்கினா பாதத்தைக் காப்பாத்தலாம். விட்டு விட்டு இறங்கினா கிருமி பழகிக்கும். அப்புறம் பாதி பாதம் போகும். அதுக்கும் நிக்கலன்னா கணுக்காலோட."

அக்கா புஷ்பம் ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டு பின்னும் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒருவர் சொல்வதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. "மருந்து நிக்காம போனா காலு இருக்கும். அவ்ளோதான சார்?" என்றாள்.

"அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவு'தான் நடக்கவில்லை. ஜெனி ஊசியைப் பிடுங்கிப் போட்டாள். கையில் குத்தினால் மற்றக் கையால் பிடுங்கினாள். இரண்டு கையையும் துணியால் கட்டிலில் கட்டினார்கள், பல்லால் பிடுங்கினாள். ரத்தம் வடிந்தாலும் அவளுக்குப் பொருட்டில்லை. ஏற்கெனவே கைவிரல் நகம் இரண்டை அவளே பிய்த்து எடுத்தவள். நரம்பு கிடைக்காமல் புறங்கை, முழங்கை, கணுக்கால் என்று நர்ஸ்கள் தேடினார்கள். ஒவ்வொரு முறையும் மருந்து பாதியில் நின்றது. இரவுப் பணியில் இருந்த நர்ஸ் கலா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, உங்க பொண்ணு ஒண்ணு, இந்த வார்டு முழுக்க ஒண்ணு. நான் இன்னா பண்ணட்டும்? மயக்க ஊசி போட்டுப் படுக்கவெச்சிரச் சொல்றாங்க."

"போட்டா தூங்குவாளா சிஸ்டர்?"

"நீ வேற. நேத்து போட்டதுக்கே என்கூட உக்காந்து கத பேசிச்சி."

காயத்தை அலசும்போது பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஜெனி எட்டிப் பார்ப்பாள். இதைக் கண்டுதான் அறுவை மருத்துவர் மரபணுப் பிரிவுக்குச் சொல்லி அனுப்பினார். அங்கிருந்து வந்தவர் டாக்டர் நளினி. கட்டையான முடி, தோளில் துணிப்பை. மருத்துவம் பார்ப்பதோடு ஆராய்ச்சியும் செய்கிறார். பிறவியிலேயே மரபணுவில் குறை உள்ளவர்கள், புத்தி வளர்ச்சி குறைந்தவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அவருடைய படிப்பு. ஊசி எடுக்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஜெனியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனி மருந்துக் கம்பெனி விளம்பரத் தாள்களை மடியில் வைத்து, விரலை நக்கி நக்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள். படம் பார்க்கிறாள் என்று சொல்ல முடியாது. வெறும் புரட்டல். புதிய ஆள் தன்னைப் பார்க்கிறார் என்று தெரிந்ததும் இரண்டு கையையும் நெஞ்சோடு கோத்து, உடம்பையே பிழிவது போல் இறுக்கி, சந்தோஷத்தில் நடுங்கினாள்.

"இப்படி அடிக்கடி செய்வாளா?" என்றார் டாக்டர்.

"ஜெபம் பண்றா மேடம்," என்றார் அக்கா புருஷன் ஆரோக்கியம் மாமா பெருமையோடு. "சின்ன வயசுல இருந்தே. கோயில்ல எல்லாரும் சொல்லுவாங்க, இவ கன்னியாஸ்திரியா போவ வேண்டியவன்னு."

டாக்டர் சிரிக்கவில்லை. "ஜெபம் முடிஞ்சதும் ஆமென் சொல்லுவாளா?"

"அது சொல்ல மாட்டா," என்று மாமா ஒத்துக்கொண்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, உச்சிவேளை. அக்கா, மாமா, அவர்கள் மகன் ராபர்ட் மூன்று பேருமே கட்டிலைச் சுற்றி இருந்தார்கள். அது அபூர்வம். அக்காவுக்கு ஒரு வாரம் முதல் ஷிப்ட், ஒரு வாரம் இரண்டாம் ஷிப்ட். மாமா ஒரு குடோனில் இரவுக் காவல். ராபர்ட் கார் பாகம் வார்க்கும் கம்பெனியில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவன், அப்போது விடியற்காலைப் பேருந்து. அந்த வீட்டில் மூன்று பேர் சேர்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கதவுக்குப் பூட்டே தேவையில்லை, எந்நேரமும் ஒருவர் உள்ளே வருவார், ஒருவர் கிளம்புவார்.

"தூக்கம் எப்படி?" என்று கேட்டார் டாக்டர்.

"அதுல ஒரு கொறையும் இல்ல," என்றார் மாமா. "காலைல நான் ட்யூட்டி முடிச்சி வந்து படுப்பேன். பக்கத்துலயே படுத்து தூங்கும். மத்தியானம் வரைக்கும் அசையாது."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "மத்தியானம் வரைக்குமா? ராத்திரி நான் செகண்ட் ஷிப்ட் முடிச்சி வரச்சொல்ல முழிச்சிகினுதான இருக்கும்? கதவு தொறக்கும், தண்ணி குடுக்கும். எனக்காகத் தூங்காம கெடக்கும் மேடம். நான்தான் ரெண்டு தட்டு தட்டித் தூங்க வெப்பேன்."

"நீ எங்க தூங்க வெச்ச?" என்றான் ராபர்ட். "நான் காலைல பஸ்ஸுக்கு எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே அது எந்திரிச்சி என் ஷூவ எடுத்து வெச்சிகினு உக்காந்துனு இருக்கும். கேட் வரைக்கும் வந்து டாட்டா காட்டும்."

"பொய் சொல்லாதடா."

"நான் எதுக்குமா பொய் சொல்றேன்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கூட்டிப் பார்த்தேன். நடுராத்திரி முழிப்பு, விடியற்காலை முழிப்பு, பகலெல்லாம் தூக்கம். இத்தனை வருடங்களில் யாருமே அந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவில்லை. ஷிப்ட் இல்லாத வீடாக இருந்திருந்தால் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும், ராத்திரி முழுக்க ஒரு பிள்ளை வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்த்து அலறியிருப்பார்கள். இங்கே எந்த நேரத்தில் அவள் முழித்திருந்தாலும், அந்த நேரத்துக்கு வருகிற ஆள் ஒருவர் இருந்தார். அவரவர் தனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

டாக்டர் நளினி பொறுமையாகச் சொன்னார். இருட்டியதும் எல்லோருக்கும் மூளையில் ஒன்று சுரக்கும், அதுதான் தூக்கத்தைக் கொண்டுவரும். சில பிள்ளைகளுக்கு அது தலைகீழாகப் பகலில் சுரக்கிறது. அதே பிள்ளைகளுக்கு வலி உணர்ச்சி குறைவு. நகத்தைப் பிய்ப்பார்கள். சந்தோஷம் வந்தால் தங்களைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள். விரலை நக்கித் தாளைப் புரட்டுவார்கள். பெரியவர்கள் யாராவது தங்களையே கவனிக்க வேண்டும் என்று கிடந்து தவிப்பார்கள். இவையெல்லாம் ஒரே இடத்தில் கூடிவந்தால் மரபணுவில் எங்கே குறை என்று ஊகிக்கலாம், ரத்தம் எடுத்து உறுதிசெய்யலாம் என்றார்.

"இந்த மாதிரி வேற பிள்ளைங்கள நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"நான் சில பேரைப் பாத்திருக்கேன். மத்த நாட்டுலயும் பாத்திருக்காங்க. பாஷை வேற, சாப்பாடு வேற. ஆனா கையைக் கோத்து இறுக்குறது இதே மாதிரிதான்."

நான் எத்தனையோ ஊர் பார்த்தவன். எனக்குத் தெரியாத ஒரு நாட்டில், எனக்குத் தெரியாத ஒரு வீட்டில், எங்கள் ஜெனியைப் போலவே ஒருத்தி விரலை நக்கித் தாள் புரட்டிக்கொண்டிருக்கிறாள் என்பதை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவர்களுக்குள் சொந்தம் கிடையாது. ஒருவரை ஒருவர் பார்க்கப் போவதும் இல்லை.

"மேடம்," என்றேன், "எனக்கு ஒரு ஊர்ல நிக்க முடியல. அதுக்கும் உள்ள ஏதாவது விட்டுப் போயிருக்குமா?"

"அதுக்கு டெஸ்ட் எடுக்க எங்ககிட்ட பணம் இல்லீங்க," என்றார்.

அவர் போன பிறகு அக்கா வராந்தாவுக்கு எழுந்து போனாள். நான் டீ வாங்கிக்கொண்டு போனபோது தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றிருந்தாள். டீயைத் தொடவில்லை.

"டேய் அந்தோணி, அப்ப அது எனக்காக முழிச்சிகினு இல்லியா?"

டீயைக் குழாய்த் திட்டில் வைத்தேன்.

"எட்டு மணி நேரம் நின்னுட்டு வருவேன்டா. சூப்பர்வைசர் கிட்ட வாங்கிக் கட்டிகினு வருவேன். கதவத் தொறந்து 'மா வந்துட்டியா'ன்னு அந்தக் கட்டக் குரல்ல கேக்கும். எல்லா அசதியும் போயிரும். அதுவும் வியாதியா? அன்புகூடவா ஒரு வியாதி?"

மறுநாள் டாக்டர் வந்ததும் இதையே அவரிடம் கேட்டாள். அழாமல், சண்டைக்கு நிற்பவள் போலக் கேட்டாள். டாக்டர் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முழிப்பு உங்களுக்காக இல்லம்மா, அது நிச்சயம். முழிச்சிருக்கிற பிள்ளை கதவைத் திறக்கணும்னோ தண்ணி குடுக்கணும்னோ எந்த மரபணுவும் சொல்றதா எனக்குத் தெரியல. எது எதுல சேரும்னு பிரிக்கத்தான் நாங்க ஆராய்ச்சி பண்றோம். இன்னும் பிரிக்க முடியல."

"அப்ப தெரியாதுன்றீங்க."

"தெரியாது."

அக்காவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஜெனியோடு தானும் மாமாவும் ரத்தம் கொடுக்கவும் ஆராய்ச்சியில் சேரவும் அன்றே சம்மதித்தாள்.

ஊசி விவகாரம் தீரவில்லை. காலில் இருந்த கறுப்பு விரல் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது. அறுவை மருத்துவர் மயக்கமருந்தை அதிகமாக்கலாம் என்றார். டாக்டர் நளினி கொஞ்சம் அவகாசம் கேட்டு வாங்கினார். பிறகு என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். ஜெனி ஊசியைப் பிடுங்குவதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பிடுங்கிய உடனே என்ன நடந்தது, இரண்டை மட்டும் பார்க்கச் சொன்னார். போர்வெல்லில் தண்ணீர் பார்க்கிறவனுக்கு இது புதிதில்லை, மேலே வரும் மண்ணைப் பார்த்துக் கீழே இருப்பதைச் சொல்கிற வேலைதான்.

பார்த்தேன். பிடுங்குவதற்கு முன்னால் எப்போதும் ஒன்றுமே நடக்கவில்லை. வார்டு அடங்கியிருக்கும், அக்கா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்கியிருப்பாள், ஜெனி மட்டும் கொட்டக் கொட்ட முழித்திருப்பாள். பிடுங்கிய உடனே விளக்கு எரியும். நர்ஸ் ஓடி வருவார், அக்கா எழுந்து கத்துவாள், பக்கத்துக் கட்டில் அம்மா "ஐயோ பாவமே" என்பார். அத்தனை பேர் நடுவில் ஜெனி கையைக் கோத்து, உடம்பை இறுக்கி, மகிழ்ச்சியில் நடுங்குவாள்.

"ஆள கூப்புட பெல் அடிக்கிறா மேடம்," என்றேன்.

"அப்போ பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே ஆள் இருக்கணும். அடிச்சா ஒண்ணும் நடக்கக்கூடாது," என்றார் டாக்டர்.

சொல்ல எளிது. நர்ஸ் கலா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ரத்தம் வந்துகினு இருக்கும், நான் பேசாம நிக்கணுமா? உங்க ஆராய்ச்சிய பகல்ல வெச்சிக்கோங்க மேடம்," என்றார். ஓடி வந்து செய்ய வேண்டியதைச் செய்யலாம், ஆனால் முகத்தைப் பார்க்காமல், பேசாமல் செய்ய வேண்டும் என்று முடிவானது. கைக்கட்டை அவிழ்த்தார்கள். ராத்திரி முழுக்க அவளோடு முழித்திருக்கும் வேலை எனக்கு. ஷிப்ட் இல்லாத நாளில் ராபர்ட்டும் வந்து மாற்றிக்கொண்டான்.

என்னென்ன ஊரில் என்னென்ன மண் வந்தது என்று கதை சொன்னேன். சிவப்பு, சாம்பல், வெள்ளைக் கல், அதற்குக் கீழே மறுபடி கல். "தண்ணி வந்துச்சா மாமா?" என்று ஒவ்வொரு ஊருக்கும் கேட்பாள். வராத ஊர்களையும் வந்ததாகச் சொன்னேன். மாலையில் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை, காலையில் பகல் சுரப்பை அடக்க ஒரு மாத்திரை, விடிந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைப்பது என்று டாக்டர் நேரத்தைத் திருப்பப் பார்த்தார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தடவை நான் கண்ணசந்தபோது பிடுங்கிவிட்டாள். நர்ஸ் கலா வந்து, கூரையைப் பார்த்துக்கொண்டே வேறு நரம்பில் குத்திவிட்டுப் போனார். ஜெனி அவர் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பவில்லை. கதவு தாண்டிப் போய் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பிடுங்குவது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குறைந்தது. மருந்து நிற்காமல் இறங்கியது. பக்கத்துக் கட்டில் அம்மா வீட்டுக்குப் போகும்போது, பழைய வார இதழ்கள் ஒரு கட்டு ஜெனிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். ஆரோக்கியம் மாமா தினமும் குடோனிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, தூங்கி விழுந்துகொண்டே அவளுக்கு இட்லி ஊட்டினார். "இப்ப தூங்காதடி, அப்பாவே தூங்கல பாரு" என்று அவர் கண்ணை மூடியபடி சொல்வதும் அவள் சிரிப்பதும் எங்களுக்குப் பொழுதுபோக்கு.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பதினேழாவது குரோமோசோம் என்பதில் ஒரு சிறிய துண்டு இல்லை. குரோமோசோம் என்றால் உடம்பு எப்படி உருவாக வேண்டும் என்ற குறிப்பெல்லாம் சுருட்டி வைத்திருக்கும் இழை என்று டாக்டர் விளக்கினார்.

"எங்க கட்டுல ஒரு வயர் விட்டுப்போற மாதிரி," என்றாள் அக்கா.

"கிட்டத்தட்ட."

"எங்க லைன்ல அப்படி ஒண்ணு போச்சின்னா எந்த ஸ்டேஷன், எந்த ஷிப்ட்டு, யாரு கையின்னு புடிச்சிருவாங்க மேடம். இது யாரு? மாசமா இருக்கச்சொல்ல நான் பெயிண்ட் அடிக்கிற எடத்துல வேலை செஞ்சேன். அந்த நாத்தம்தான?"

மாமா குறுக்கே வந்தார். "அவ இல்ல மேடம். எனக்கு அப்ப குடி இருந்துச்சி. அதான்."

"நீ சும்மா இருய்யா."

"நீ சும்மா இருடி. எழுதறதுன்னா என் பேர எழுதுங்க."

இரண்டு பேரும் பழியை அப்படி இழுத்துக்கொண்டார்கள். டாக்டர் கையை உயர்த்தி நிறுத்தினார். "உங்க ரெண்டு பேர் ரத்தத்துலயும் அந்தத் துண்டு சரியா இருக்கு. இது கரு உண்டாகுற சமயத்துல தானா விட்டுப்போறது. பெயிண்டும் இல்ல, குடியும் இல்ல. யார் ஷிப்ட்லயும் நடக்கல."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். மாமா எழுந்து போய் ஜெனியின் போர்வையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

பாதம் தப்பியது. பெருவிரலும் அதற்கு அடுத்ததும் போயின. "பாதியை எடுக்கணும்னு நெனச்சிருந்தேன்," என்றார் அறுவை மருத்துவர். கட்டை அவிழ்த்தபோது ஜெனி மிச்சத்தைத் தொட்டுப் பார்த்து, மற்றப் பாதத்தையும் தொட்டுப் பார்த்து, "இங்க கீது, இங்க இல்ல" என்றாள். அழுகை இல்லை. கிளம்பும்போது டாக்டர் நளினி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் காலம் முழுவதும் வலியைச் சொல்லப் போவதில்லை, ஆகவே தினமும் யாராவது அவள் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும்.

இந்த மாதிரிப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கு நான் சொல்லக்கூடியதும் அதுதான். காலைப் பாருங்கள். யார் யார் எந்த நேரத்தில் பிள்ளையைப் பார்க்கிறீர்களோ, எல்லோரும் ஒருநாள் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

நான் இன்னும் மண்ணூரில்தான் இருக்கிறேன். போர்வெல் லாரிக்காரன் இரண்டு முறை போன் செய்துவிட்டான். தினமும் காலையில் ஜெனியை உட்காரவைத்து விளக்கு பிடித்துப் பாதத்தைப் பார்க்கிறேன். தூக்கம் முழுதாகத் திரும்பவில்லை. நடுராத்திரி வரை தூங்குகிறாள், பிறகு சில நாள் எழுந்துவிடுகிறாள்.

போன வாரம் அக்கா இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டினாள். ஜெனி ஓடிவந்து தரையில் உட்கார்ந்து, அக்காவின் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் செய்வது போலவே விரல் இடுக்கெல்லாம் பிரித்துப் பார்த்தாள். வீங்கிக் கிடந்த கணுக்காலை அழுத்தினாள். "வலிக்குதாடி?" என்றாள். அக்கா அன்று கம்பெனிப் பேருந்தைத் தவறவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டுக்குள் வருகிற யாராக இருந்தாலும் காலைக் காட்டாமல் ஜெனி விடுவதில்லை. பால்காரர் காட்டினார். கோயிலிலிருந்து பங்குச்சாமியார் வந்தார், அவரும் செருப்பைக் கழற்றிக் காட்டினார்.

"டேய், இதுவும் அந்தப் பதினேழாவதுல வருதான்னு கேளு," என்றாள் அக்கா. டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் முழுவதையும் கேட்டார், இரண்டு முறை சொல்லவைத்தார்.

"நம்மளப் பாத்து செய்யறது வழக்கம்தான். ஆனா இப்படி எல்லார் காலையும் பாக்கறதை நான் எங்கயும் படிச்சதில்ல," என்றார். "நான் நேர்ல வந்து பாக்கலாமா?"

அக்காவிடம் சொன்னேன். சோறு வடித்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"வரச்சொல்லு. மொதல்ல அவங்க கால காட்டட்டும்."